புரையோடாமல் ஆறும் புண்: உணவுப்பாதை அறுவைக்குப் பிந்தைய கசிவும் குறையழுத்தச் சிகிச்சையும்



மொழிக்கென அமைந்த இம்மேடையில் அறுவை மருத்துவத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தமிழில் ஒரு சொல் உண்டு: புரையோடுதல். மேலே தோல் மூடிப் புண் ஆறியதுபோலத் தோன்றும். உள்ளே ஒரு குழி சீழோடு வளர்ந்துகொண்டிருக்கும். புரை என்பது உட்டுளை. புண்ணின் வாய் மூடினால் போதாது. அடியிலிருந்து நிரம்பி மேலே வந்தால்தான் அது ஆறியதாகும் என்னும் பட்டறிவு இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று நான் விளக்கவிருக்கும் சிகிச்சையும் அதே அறிவின்மீது நிற்பதுதான். உணவுப்பாதையில் அறுவை செய்து தைத்த இடம் கசிந்தால், அந்தத் துளையை அவசரமாக அடைக்காமல், உள்ளிருக்கும் குழியை உறிஞ்சித் தூய்மையாக்கி, அது தானே சுருங்கி ஆறும்படி செய்யும் முறை அது.

வெட்டுவது எளிது, இணைப்பது அரிது

வாய் முதல் மலவாய் வரை நம் உடலுக்குள் ஓடுவது ஒரே நீண்ட குழாய். அதன் ஒரு பகுதியில் புற்றுநோய் தோன்றினால் அப்பகுதியை வெட்டி எடுக்கிறோம். எஞ்சிய இரு முனைகளையும் மீண்டும் இணைத்தால்தான் மனிதர் உண்டு வாழ இயலும். இந்த இணைப்புத்தான் அறுவை மருத்துவத்தின் பழைய கவலை. குடற்காயத்தின் விளிம்புகளைக் கட்டெறும்புகளைக் கொண்டு கடிக்கச் செய்து, அவற்றின் தலைகளை மட்டும் விட்டுவிட்டு உடலைக் கிள்ளிவிடும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. அந்தக் கவலை அத்துணைப் பழமையானது.

இக்காலத் தையலின் வரலாறு 1826இல் தொடங்குகிறது எனலாம். குடலின் வெளிப்புறத்தை வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. படலத்தோடு படலம் தொடுமாறு தைத்தால் இரண்டும் விரைவில் ஒட்டிக்கொள்ளும் என்று பிரான்சு நாட்டு மருத்துவர் அந்துவான் லாம்பேர் அவ்வாண்டில் காட்டினார். 1881 சனவரி 29ஆம் நாள் வியன்னாவில் தியடோர் பில்ரோத், புற்றுநோய் கண்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றி, எஞ்சியதை முன்சிறுகுடலோடு இணைத்தார். அதற்கு முன் பாரிசில் பியான் செய்த அறுவையிலும், போலந்தில் ரிடிகியர் செய்த அறுவையிலும் நோயாளிகள் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் நோயாளி அறுவையிலிருந்து தேறி உணவு உட்கொண்டார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின், பரவிவிட்ட புற்றுநோயால் இறந்தார். 1887இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், தையலை உண்மையில் தாங்கிப் பிடிப்பது குடற்சுவரின் உட்படலத்துக்கு அடியிலுள்ள நார்மிகுந்த அடுக்கே என்று விளக்கினார்.

உணவுக்குழாய் மட்டும் இவ்வளவிலும் பணியவில்லை. லாம்பேர் நம்பிய அந்த வெளிப்படலம் உணவுக்குழாய்க்குக் கிடையாது. அதன் தசைநார்கள் நெடுக்குவாட்டில் ஓடுவதால் தையல் நூல் அவற்றை அறுத்துக்கொண்டு வந்துவிடும். 1913இல் நியூயார்க்கில் பிரான்சு டோரெக், மார்பிலுள்ள உணவுக்குழாயை முதன்முதலில் வெற்றியாக அகற்றியபோது, முனைகளை உள்ளே இணைக்கத் துணியவில்லை. மேல்முனையை உடலுக்கு வெளியே கொணர்ந்து, ஓர் இரப்பர்க் குழாயால் இரைப்பையோடு சேர்த்துவிட்டார். அந்த அம்மையார் அக்குழாயின் வழியே உண்டு பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1946இல் ஐவர் லூயிஸ் என்னும் வேல்சு நாட்டு மருத்துவர், வயிற்றையும் வலப்புற மார்பையும் திறந்து, இரைப்பையை மேலே இழுத்து மார்புக்குள்ளேயே இணைக்கும் முறையை விளக்கினார். இன்றும் உலகெங்கும் செய்யப்படுவது அம்முறையின் வளர்ச்சியே.

கசிவு ஏன் நேர்கிறது?

தையலின் வலிமை நூலில் இல்லை. நூல் சில நாள் பிடித்துவைக்கும். அதற்குள் உடல் தன் திசுவால் இணைப்பை நெய்துகொள்ள வேண்டும். முதல் சில நாள்களில் பழைய கொல்லாசன் நார்கள் கரைவது மிகுதி, புதியவை தோன்றுவது குறைவு. ஆகவே இணைப்பு மிகவும் நலிந்திருப்பது அறுவை முடிந்த அன்றன்று. அடுத்து வரும் சில நாள்களிலேயே. அந்த நாள்களில் இரத்த ஓட்டம் குறைந்தாலோ, இணைப்பு இழுபட்டாலோ, நோயாளியின் உடல் ஊட்டமின்றி நலிந்திருந்தாலோ, புகைப்பழக்கமும் நீரிழிவும் சேர்ந்திருந்தாலோ இணைப்பு விட்டுக்கொடுக்கும். மார்புக்குள் இழுத்துவைத்த இரைப்பைக் குழாயைப் பெரும்பாலும் ஒரே தமனிதான் ஊட்டுகிறது. அதன் உச்சிமுனைக்கு இரத்தம் கடைசியாகவே சென்று சேர்கிறது. இணைப்பு அமைவதும் அந்த முனைக்கு அருகில்தான்.

தேர்ந்த கைகளிலும், சிறந்த மருத்துவமனைகளிலும், உணவுக்குழாய் அறுவைக்குப் பின் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கசிவு நேர்கிறது. மலக்குடலின் தாழ்ந்த பகுதியில் செய்யும் இணைப்புகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை என்பர்.

கசிந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் எளிதில் உணர ஓர் எண்ணைச் சொல்கிறேன். மனிதர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரை விழுங்குகிறார். உணவை நிறுத்தலாம், உமிழ்நீரை நிறுத்த இயலாது. அதனோடு கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் கீழே செல்கின்றன. இன்னொன்றும் உண்டு. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பறைக்குள் அழுத்தம் குறைகிறது. அதனால்தான் காற்று உள்ளே வருகிறது. உணவுக்குழாயில் ஓட்டை இருந்தால் அதே குறைந்த அழுத்தம் உமிழ்நீரையும் இரைப்பை நீரையும் ஓட்டை வழியே மார்புக்குள் இழுக்கும். உயிர் தரும் மூச்சே ஒவ்வொரு முறையும் நஞ்சை உள்ளே சேர்க்கிறது. சீழ் தேங்கும், காய்ச்சல் ஏறும், நாடி விரையும், கிருமிநஞ்சு இரத்தத்தில் பரவிச் சிறுநீரகமும் நுரையீரலும் தளரும்.

முன்பு இருந்த வழிகள்

இந்நிலையில் மருத்துவருக்கு முன்பு இருந்த வழிகள் மூன்று. முதலாவது, மீண்டும் அறுவை. அழற்சியால் ஊறிப்போன திசுவில் தையல் நிற்பதில்லை. ஈரச் சுவரில் ஆணி அடிப்பதைப் போன்றது அது. மேலும், ஏற்கெனவே தளர்ந்த உடலுக்கு இரண்டாம் பேரறுவையைத் தாங்கும் ஆற்றல் குறைவு. இரண்டாவது, வெளியிலிருந்து வடிகுழாய் செருகி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஊட்டமும் தந்து காத்திருத்தல். சிறு கசிவுக்கு இது போதும். பெரிய குழிக்குப் போதாது. மூன்றாவது, ஸ்டென்ட் எனப்படும், உறையிட்ட உலோக வலைக்குழாயை உள்ளே விரித்து ஓட்டையை மறைத்தல். இம்முறை பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆயினும் அந்த வலைக்குழாய் இடம்பெயர்ந்துவிடுவதுண்டு. அதைவிடப் பெரிய குறை, அது வாயை மூடுகிறதே தவிரப் பின்னாலுள்ள குழியை வடிப்பதில்லை. அதற்கெனத் தனியே வடிகுழாய் வைக்காவிடில் புண் புரையோடும்.

தோலிலிருந்து உள்ளுக்கு

புதிய வழி தோற்புண்ணிலிருந்து வந்தது. 1993இல் ஜெர்மனியின் பிளைஷ்மன் குழுவினர், எலும்பு முறிந்து திறந்துபோன காயங்களில் நுரைப்பஞ்சை வைத்து, மேலே காற்றுப்புகாத படலம் ஒட்டி, உறிஞ்சும் முறையை வெளியிட்டனர். 1997இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் அர்ஜென்டாவும் மோரிக்வாசும் இதை விரிவாக ஆராய்ந்தனர். பன்றிகளின் காயங்களில் 125 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்தபோது, காயத்தைச் சூழ்ந்த இரத்த ஓட்டம் நான்கு மடங்கு உயர்ந்ததாக அவர்கள் பதிவு செய்தனர். 125 என்னும் அந்த எண் இன்றும் கருவிகளில் வழக்காக இருக்கிறது.

உடலுக்கு வெளியே பயன்பட்ட இந்த உத்தியை உள்ளே கொண்டுசென்றவர்களும் ஜெர்மானியரே. மியூனிக் நகரின் வைடன்ஹாகன் குழுவினர், மலக்குடல் இணைப்பு கசிந்த 29 நோயாளிகளுக்கு அகநோக்கியின் துணையால் பஞ்சு வைத்துச் சிகிச்சை செய்து, 28 பேருக்குப் புண் ஆறியதை 2008இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஹனோவர் நகரின் வேடமயர் குழுவினர் மார்புக்குள் கசிந்த இரு நோயாளிகளுக்கு இதே முறையைக் கையாண்டதை எழுதினர். அவர்களைத் தொடர்ந்து லோஸ்கெ முதலியோர் மேற்பகுதிக் கசிவுகளில் இதனை வளர்த்தெடுத்தனர்.

செய்முறை

அகநோக்கி என்பது மருத்துவமனைகளில் 'எண்டோஸ்கோப்' என்று வழங்கும், நுனியில் கேமராவும் விளக்கும் உடைய வளையும் குழாய். நோயாளியை மயக்கமுறச் செய்து, அதை வாய் வழியே செலுத்தி, கசியும் துளையை மருத்துவர் காண்கிறார். துளை போதிய அகலமிருந்தால் அதன் வழியே பின்னாலுள்ள குழிக்குள்ளும் நுழைகிறார். அங்குத் தேங்கிய சீழையும் அழுகிய திசுவையும் கழுவி அகற்றுகிறார்.

பிறகு பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு ஒரு துண்டை எடுத்து, குழியின் அளவைவிடச் சற்றுச் சிறியதாகக் கத்தரிக்கிறார். இப்பஞ்சின் நுண்துளைகள் ஒன்றோடொன்று திறந்து தொடர்பவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 முதல் 600 மைக்ரோமீட்டர் அகலம். மூக்கு வழியே செருகும் மெல்லிய குழாயின் நுனியில் பஞ்சைத் தைத்துக் கட்டி, அகநோக்கியின் துணையால் குழிக்குள் வைக்கிறார். துளை மிகச் சிறியதாயின் பஞ்சை உணவுக்குழாயின் உள்ளேயே, துளைக்கு நேராக வைப்பதும் உண்டு. குழாயின் மறுமுனை மூக்கு வழியே வெளியே வந்து உறிஞ்சும் கருவியில் இணைகிறது.

கருவி இயங்கியதும் பஞ்சு சுருங்குகிறது. பஞ்சைச் சுற்றியுள்ள குழியின் சுவர்களும் அதை நோக்கி இழுபட்டு நெருங்குகின்றன. உமிழ்நீர் குழிக்குள் தேங்காமல் குழாய் வழியே வெளியேறுகிறது. வீக்கம் வடிகிறது. பஞ்சின் நுண்துளைகளை ஒட்டிய பரப்பில் மணல்மணிபோல் சிவந்த புதுத்திசு தளிர்க்கிறது. மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றவேண்டும். இல்லாவிடில் அந்தத் திசு பஞ்சின் துளைகளுக்குள்ளேயே வளர்ந்துவிடும், பிடுங்கினால் இரத்தம் கசியும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குழி சிறுத்திருக்கும். பஞ்சும் சிறிதாக வெட்டப்படும். இப்படி இரண்டு, மூன்று வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் செல்லும். அதுவரை சிறுகுடலில் செருகிய குழாய் வழியே ஊட்டம் தரப்படும்.

சற்று முன் மூச்சைப் பற்றிச் சொன்னதை நினைவுகூருங்கள். மார்பறையின் குறைந்த அழுத்தம் உமிழ்நீரை வெளியே இழுத்தது. இப்பொழுது உள்ளே வைத்த பஞ்சு அதைவிட வலுவாக எதிர்த்திசையில் இழுக்கிறது. கேடு செய்த அதே இயற்பியல், திசை மாறியதும் மருந்தாகிவிட்டது.

வெற்றிடம் என்பது சரியா?

ஆங்கிலத்தில் இதனை 'வேக்குவம்' சிகிச்சை என்பர். அதை அப்படியே 'வெற்றிடச் சிகிச்சை' என்று தமிழாக்குவது வழக்கம். அறிவியல் ஆசிரியர்கள் இங்கே சிறிது நிற்க வேண்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதிலிருந்து 125ஐக் கழித்தால் 635. ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, வெற்றிடத்துக்கு வெகுதொலைவு. நீரின் உயரத்தில் கணக்கிட்டால் 125 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 1.7 மீட்டர் நீருக்குச் சமம். நன்கு வளர்ந்த ஒருவரின் உயரமுள்ள உறிஞ்சுகுழலில் நீரைத் தலைமட்டும் ஏற்றும் இழுவை என்று வகுப்பறையில் விளக்கலாம். அதனால்தான் 'குறையழுத்தம்' என்னும் சொல்லை நான் விரும்புகிறேன். 'எதிர்மறை அழுத்தம்' என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே சென்றதாக மாணவர் மயங்க அது இடந்தரும்.

'கசிவு' என்னும் சொல்லையும் எடைபோட்டுப் பார்க்கலாம். கூரை ஒழுகும், பானை கசியும். ஒழுகுவது கண்ணுக்குத் தெரிவது. கசிவது மெல்ல, மறைவாக நிகழ்வது. இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது: காரணம் தெரியாத சிறு காய்ச்சல், சற்றே விரைந்த நாடி, நேற்றுப் போல் இன்று தெளிவாக இல்லாத முகம். 'ஒழுக்கு' என்று சொல்லியிருந்தால் நாம் காத்திருந்து கோட்டைவிட்டிருப்போம்.

எல்லைகள்

இம்முறை எல்லாவற்றுக்கும் மருந்தன்று. இழுத்துவைத்த இரைப்பைக் குழாய் இரத்தமின்றி முழுதும் அழுகிவிட்டால் உடனே அறுவைதான் வழி. பஞ்சு வைக்கும் குழிக்கு அருகில் பெருந்தமனி போன்ற பெரிய இரத்தக்குழாய் மறைப்பின்றித் திறந்திருந்தால், உறிஞ்சும் விசையே அதை அரித்து உயிர்போகும் இரத்தப்பெருக்கை உண்டாக்கக்கூடும். மூச்சுக்குழாயோடு தொடர்பு ஏற்பட்டிருந்தாலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஆறிய பின் உணவுக்குழாய் குறுகிப்போவதும் உண்டு. அதை விரித்துவிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மயக்கம் தரவேண்டும். மூக்கில் குழாயோடு வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். இது நோயாளியின் பொறுமையைக் கடுமையாகச் சோதிக்கும் சிகிச்சை.

பல ஆய்வுத் தொகுப்புகளில் பத்தில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்டோருக்குக் கசிவு அடைந்திருக்கிறது. வலைக்குழாயோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவும் இம்முறைக்குச் சாதகமாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை முடிந்த சிகிச்சைகளைத் திரும்பிப் பார்த்துக் கணக்கிட்டவை. எந்த நோயாளிக்கு எந்த முறை என்பதை மருத்துவரே தேர்ந்த நிலையில், இரண்டும் சமமான நோயாளிகளையே பெற்றன என்று சொல்ல முடியாது. ஆர்வம் சான்றாகிவிடாது என்பதை மாணவர்கள் இங்கும் கற்கலாம்.

ஒன்று மட்டும் தெளிவு: விரைவாகத் தொடங்கினால் பயன் மிகுதி. மலக்குடல் கசிவுகளில், குழியின் சுவர் தடித்து நாட்பட்ட புரையாக மாறிய பின் பஞ்சு வைப்பதைவிட, திசு இளகியிருக்கும் தொடக்க நாள்களிலேயே வைத்தால் குழி எளிதில் சுருங்கும்.

கசிவும் தோல்வியும்

இப்பொழுது இன்று நான் சொல்ல வந்த முதன்மைச் செய்திக்கு வருகிறேன். 2009இல் அமெரிக்க மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 84,730 பேரை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளியாயிற்று. இறப்பு மிகக் குறைந்த மருத்துவமனைகளில் நூற்றுக்கு 3.5 பேர் இறந்தனர், மிகுந்தவற்றில் 6.9 பேர். ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் பின்விளைவுகளும் இரு மடங்காக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவை முறையே 24.6, 26.9 விழுக்காடே; பெரிய வேறுபாடில்லை. இரு வகை மருத்துவமனைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இடர்கள் நேர்ந்தன. வேறுபட்டது, இடர் நேர்ந்த பின் நோயாளியைக் காப்பாற்றிய திறம்.

கசிவு நேர்ந்தது என்று ஒப்புக்கொள்ளத் தயங்கும் அறுவை மருத்துவர் உண்டு. தம் தையலின்மீது அவருக்குள்ள பற்று, இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்று சொல்லவைக்கும். அந்த ஒருநாளில் குழி பெருகும். காயத்தின் வாயை மூடுவதுபோல உண்மையின் வாயையும் மூடலாம். அப்பொழுதும் உள்ளே புரையோடும். இச்சிகிச்சையின் நன்மை முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் கருவியைவிட முதலில் தேவைப்படுவது, 'இணைப்பு கசிகிறது' என்று அதே நாளில் சொல்லும் துணிவு.

அதைச் சொல்ல வேண்டிய மொழி நோயாளியின் மொழி. அறுவை அறைக்கு வெளியே காத்திருக்கும் மனைவியோ மகனோ, "ஐயா, ஆப்பரேசன் தோல்வியா?" என்று கேட்கும்போது, ஆங்கிலக் கலைச்சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வது பதிலாகாது. "அம்மா, வெட்டி இணைத்த இடத்தில் சிறிய ஓட்டை விழுந்திருக்கிறது. பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்வதுண்டு. அதற்குள் ஒரு பஞ்சை வைத்து அழுக்கை உறிஞ்சி எடுப்போம். சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவோம். சில வாரம் ஆகும். ஆபத்துகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்" என்று சொன்னால், அந்தக் குடும்பம் முடிவெடுக்கும் நிலைக்கு வருகிறது. இந்தச் சொற்களில் பள்ளிக்கூடத் தமிழுக்கு அப்பாற்பட்டது எதுவுமில்லை.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் பயிலும் மாணவர்களுள் நாளைய மருத்துவரும் செவிலியரும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுப்பில் ஒருநாள் அவர்களிடம் ஓர் உறுப்பின் வேலையை, ஒரு சிகிச்சையின் படிகளை, தாத்தாவுக்கு விளக்குவதுபோல ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். 'அழற்சி', 'குறுக்கம்', 'வடிகுழாய்' போன்ற சொற்கள் தேர்வுத்தாளில் மட்டும் வாழாமல் வாயில் வாழட்டும்.

தமிழில் 'ஆறுதல்' என்றால் புண் குணமாவது, சூடு தணிவது, துன்புற்ற மனம் அமைதி பெறுவது. மூன்றுக்கும் ஒரே சொல். புண் அடியிலிருந்து ஆறவேண்டும் என்பதை இந்தப் பஞ்சு நமக்குக் காட்டுகிறது. நோயாளியின் மனமும் அவ்வாறே; உள்ளதை உள்ளபடி கேட்டு அறிந்த பின்னரே அது ஆறுகிறது.